எல்விஸ் கூடவே இருந்தவங்க

குழு: வடக்கு வீதிக் குடும்பம்

கார்த்தி: (4 படங்கள்)

கார்த்தி: பெரிய மாமா, அமெரிக்காவுல மெம்பிஸ்ல, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோட வீடு கிரேஸ்லாண்ட் உள்ள இருக்கேன். இங்க காலை பத்து மணி. கீழ்த்தளத்துல இந்த ரூமைப் பாருங்க. மஞ்சளும் நீலமும் அடிச்சு, வரிசையா மூணு டிவி. சுவர்ல பெருசா ஒரு மின்னல். வெளிய கடையிலயும் அதே மின்னலைச் சங்கிலி டாலரா விக்கிறாங்க, டிசிபின்னு எழுத்து போட்டு. அது என்ன?

சுந்தரம்: ரொம்ப சந்தோஷம்டா தம்பி. பொன்மலை குவார்ட்டர்ஸ்ல ரேடியோ சிலோன் இங்கிலீஷ் ஒலிபரப்புல அந்தக் குரலைக் கேட்டு வளந்தவன் நான். வீட்டை நீயாவது பாத்தியே.

சுந்தரம்: டிசிபின்னா டேக்கிங் கேர் ஆஃப் பிசினஸ். சொன்ன வேலையை மின்னல் வேகத்துல முடிக்கணும்னு அர்த்தம். எல்விஸ் தன் கூட இருந்த ஆம்பளைங்களுக்குத் தங்கச் சங்கிலியில அந்த டாலரைக் கோத்துக் கொடுப்பார். பொம்பளைங்களுக்கு டிஎல்சின்னு, அதாவது டெண்டர் லவிங் கேர்னு போட்டு வேற டாலர். அது கழுத்துல இருந்தா நீ அவர் ஆளு.

திவ்யா: மெம்பிஸ் மாஃபியான்னு சொல்வாங்களே, அந்தக் கும்பல்தானே பெரியப்பா? நான் படிச்ச வரைக்கும் எல்லாரும் அவர் காசுல உக்காந்து சாப்பிட்டவங்க. 42 வயசுல அவர் செத்ததுல அவங்களுக்குப் பாதிப் பங்கு இருக்கு.

பாலு: ஆரம்பிச்சுட்டா.

சுந்தரம்: இரு பாலு, அவ கேட்டது சரியான கேள்விதான். ஆனா திவ்யா, உக்காந்து சாப்பிட்டாங்கன்னு ஒரே வார்த்தையில முடிக்காதே. ஒவ்வொருத்தரும் எப்படி வந்து சேந்தாங்கன்னு பாரு.

சுந்தரம்: ரெட் வெஸ்ட் ஹ்யூம்ஸ் ஹைஸ்கூல்ல கூடப் படிச்சவர். நீளமா முடி வெச்சிருந்தான்னு எல்விஸைப் பசங்க பள்ளிக்கூடக் கழிவறையில மடக்கி வெட்டப் பாத்தப்போ உள்ள புகுந்து காப்பாத்தினவர். அப்போ எல்விஸ்கிட்ட பத்துப் பைசா கிடையாது. ஜெர்ரி ஷில்லிங் 1954ல மைதானத்துல பந்து விளையாட ஆள் குறையுதுன்னு கூப்பிடப்போய் சேந்த 12 வயசுப் பையன். சார்லி ஹாட்ஜும் ஜோ எஸ்போசிட்டோவும் ராணுவத்துல கூட இருந்தவங்க. பில்லி ஸ்மித் அம்மா வழிச் சொந்தம். சம்பளத்துக்காக முதல்ல வந்தவங்க யாருன்னு தேடினா கொஞ்சம் பேர்தான் தேறுவாங்க.

கார்த்தி: மாஃபியாங்கிற பேரு எப்படி வந்துச்சு மாமா?

சுந்தரம்: 1960 வாக்குல எல்லாரும் கறுப்பு சூட்டு, கறுப்புக் கண்ணாடியோட லாஸ் வேகாஸ்ல கும்பலா இறங்கினாங்க. பத்திரிகைக்காரங்க வெச்ச பேரு அது. நிஜத்துல என்ன வேலை செஞ்சாங்கன்னா, ஜோ கணக்கு வழக்கு, பயண ஏற்பாடு. ரெட்டும் அவர் சொந்தக்காரர் சோனி வெஸ்ட்டும் பாதுகாப்பு. சார்லி மேடையில கிட்டார் வாசிப்பார், தண்ணி கொடுப்பார், எல்விஸ் கழுத்துல துண்டு மாத்தித் துண்டு போட்டுக்கிட்டே இருப்பார். அதைத்தான் எல்விஸ் எடுத்து ரசிகைங்களுக்குக் கொடுப்பார்.

மீனா: கார்த்தி, காலையில ஏதாவது சாப்பிட்டியா?

கார்த்தி: ஆச்சும்மா.

மீனா: அண்ணா, இவங்களுக்கெல்லாம் குடும்பம் இருந்துச்சா? பொண்டாட்டி புள்ளைங்க எங்க இருந்தாங்க?

சுந்தரம்: அதைத்தான் மீனா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. எல்விஸ் எந்திரிக்கிறதே சாயங்காலம். ஹோட்டல் ஜன்னல்ல வெளிச்சம் வராம அலுமினியத் தாள் ஒட்டிருவாங்க. ஊரு தூங்கினப்புறம் மெம்பியன் தியேட்டரை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம். அவருக்குப் பிடிக்கலைன்னா பாதியிலயே நிறுத்தி அடுத்த படத்தைப் போடணும். இல்லைன்னா பொருட்காட்சி மைதானத்தையே ராத்திரி முழுக்க எடுத்து ரோலர்கோஸ்டர். இவங்க எல்லாரும் அவர் கடிகாரப்படிதான் வாழணும். புள்ளை பள்ளிக்கூடம் கிளம்புற நேரத்துல அப்பன் வந்து படுப்பான்.

சுந்தரம்: வேகாஸ்ல ஒரு மாசம் கச்சேரின்னா முதல் ராத்திரிக்கு மனைவிமார் வரலாம், அப்புறம் ஊருக்குப் போயிரணும். எல்விஸ் மனைவி பிரிசில்லாவுக்கும் அதே கதிதான். வீடு நிறைய ஆளு. புருஷனோட தனியா உக்காந்து ஒரு வேளை சாப்பிடுறதே அந்தப் பொண்ணுக்குப் பெரிய விஷயமா இருந்திருக்கு.

மீனா: பாவம். அப்படி ஒரு வீட்டுல எப்படிக் குடும்பம் நடத்துறது.

சுந்தரம்: கல்யாணத்தையே கேளு. 1967 மே 1, வேகாஸ் அலாதீன் ஹோட்டல். மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர்தான் எல்லா ஏற்பாடும். சின்ன ரூம், இடமில்லைன்னு சொல்லி ஜோ, மார்ட்டி லேக்கர் மாதிரி ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர இந்தக் கும்பல்ல யாரையும் சடங்குக்கு உள்ள விடல. விருந்துக்கு மட்டும் வாங்கன்னு சொல்லியிருக்காங்க. ரெட் வெஸ்ட் கோவிச்சுக்கிட்டு விருந்துக்குப் போகவேயில்லை.

பாலு: பின்ன? பள்ளிக்கூடத்துல இருந்து கூட இருந்தவனை வாசல்ல நிறுத்தினா? நம்ம வீட்டுல நடந்திருந்தா மூணு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

திவ்யா: சரி பெரியப்பா, அவ்வளவு அவமானப்பட்டும் ஏன் போகல? காசுதானே?

சுந்தரம்: வாரச் சம்பளம் கம்மிதான்மா. ஆனா பரிசா வர்றது கணக்கில்லாம வரும். 1967ல மிசிசிப்பி பக்கம் 160 ஏக்கர் சொச்சம் பண்ணை வாங்கினார். எல்லாருக்கும் குதிரை, தங்கிக்க டிரெய்லர் வீடு, பிக்கப் வண்டி. அப்பா வெர்னான் பில்லைப் பாத்துத் தலையில கை வெச்சுக்கிட்டார். 1975 ஜூலையில ஒரே நாள்ல 14 கேடிலாக் கார் வாங்கினார். அதுல ஒண்ணு கடையில வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்த முன்பின் தெரியாத பொம்பளைக்கு. இப்படி ஒரு கை படி அளந்தா, சம்பளத்தை உயர்த்திக் கொடுன்னு எவன் வாய் திறப்பான்? தனியா சேத்து வெச்சு விலகவும் முடியாது.

சுந்தரம்: ஆனா எல்லாப் பரிசும் அந்த மாதிரி இல்ல. ஜெர்ரிக்கு ஒரு வயசுலயே அம்மா போயிட்டாங்க, சொந்த வீடுன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. 1974ல எல்விஸ் லாஸ் ஏஞ்சலஸ் மலைப்பக்கம் ஒரு வீட்டை வாங்கி அவர் கையில கொடுத்துட்டார். உனக்கு வீடு இருந்ததில்லை, அதை நான்தான் கொடுக்கணும்கிற மாதிரி சொன்னாராம். அதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

கார்த்தி: (படம்)

கார்த்தி: மாமா இது சமையலறை. மாடிக்கு மட்டும் யாரையும் விடல, கயிறு கட்டியிருக்கு.

சுந்தரம்: 1982ல பொதுமக்களுக்குத் திறந்ததுல இருந்து மாடி மூடித்தான் இருக்கு. அந்தச் சமையலறையில மேரி ஜென்கின்ஸ்னு ஒரு அம்மா சமைச்சாங்க. எல்விஸ் ஆஸ்பத்திரியில டயட்ல கிடந்தப்போ, கேக்குறாரேன்னு இங்கிருந்து ஒளிச்சு எடுத்துட்டுப் போய்க் கொடுத்தாங்க. அவங்களுக்கும் காரும் வீடும் வாங்கிக் கொடுத்திருக்கார்.

மீனா: பசின்னு கேட்டா எப்படிண்ணா கொடுக்காம இருக்க முடியும்?

திவ்யா: அத்தை, அதுதான் பிரச்சினையே! கேட்டதை எல்லாம் கொடுத்தாங்க. டென்வர் சாண்ட்விச் கதை தெரியுமா? 1976 பிப்ரவரியில ஒரு ராத்திரி மெம்பிஸ்ல இருந்து சொந்த பிளேன்ல டென்வர் பறந்து, ஏர்போர்ட்லயே இறங்கி, முழு ரொட்டியைக் குடைஞ்சு வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும் பன்றி இறைச்சியும் அடைச்சதைச் சாப்பிட்டுட்டுத் திரும்பினாங்க. ஊருக்குள்ள கால் வைக்கவேயில்ல. கூட இருந்தவங்கள்ல ஒருத்தராவது வேண்டாம்னு சொன்னாங்களா?

சுந்தரம்: அன்னைக்குச் சொல்லல. சொல்லித்தான் ஆகணும்கிற விஷயத்துல சொன்னவங்க இருக்காங்கம்மா. அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

சுந்தரம்: 1970களோட நடுவுல மாத்திரைதான் எல்லாமே. தூங்க ஒண்ணு, எந்திரிக்க ஒண்ணு, மேடை ஏற ஒண்ணு. எல்லாம் டாக்டர் சீட்டோட, தெருவுல வாங்கினது இல்ல. டாக்டர் ஜார்ஜ் நிக்கோபவுலோஸ், எல்லாரும் டாக்டர் நிக்குன்னு கூப்பிடுவாங்க, எல்விஸ்கிட்ட கடன் வாங்கி வீடு கட்டினவர். 1977ல மட்டும், அதாவது எட்டு மாசத்துக்குள்ள, 10,000 டோஸுக்கு மேல எழுதியிருக்கார்னு டென்னஸி மருத்துவ வாரிய விசாரணையில வெளிய வந்துச்சு. கோர்ட்டு 1981ல விடுவிச்சுது. ஆனா 1995ல லைசென்ஸ் போச்சு.

பாலு: டாக்டரும் அவர்கிட்ட கடன்பட்டவர். அப்புறம் எப்படி முடியாதுன்னு சொல்வார்.

சுந்தரம்: அதே. ரெட்டும் சோனியும் மருந்து கொண்டு வந்தவங்களை மிரட்டிப் பாத்திருக்காங்க, எல்விஸ்கிட்டயும் நேரடியாப் பேசிப் பாத்திருக்காங்க. 1976 ஜூலை 13, வெர்னான் போன் போட்டு ரெட், சோனி, இன்னொரு பாதுகாப்பு ஆளு டேவ் ஹெப்லர் மூணு பேரையும் வேலையை விட்டுத் தூக்கிட்டார். செலவைக் குறைக்கிறோம்னு காரணம். இவங்க கை நீட்டினதால வழக்கு வந்ததும் உண்மைதான். ஆனா 20 வருஷம் கூட இருந்தவருக்கு ஒரு வாரச் சம்பளம். எல்விஸ் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல, ஊர்லயே இல்ல.

மீனா: அடப்பாவி.

சுந்தரம்: எனக்கு எல்விஸ் மேல உயிரு. இருந்தாலும் அந்த ஒரு விஷயத்துல அவரை மன்னிக்க எனக்கு மனசு வரல. அப்பாவை விட்டுச் சொல்ல வெச்சது தப்பு.

கார்த்தி: அப்புறம் அவங்க புத்தகம் எழுதினாங்கல்ல மாமா?

சுந்தரம்: மூணு பேரும் சேந்து. மாத்திரை விஷயத்தை உடைச்சு எழுதினாங்க. 1977 ஆகஸ்ட் 1ம் தேதி வந்துச்சு. 16ம் தேதி எல்விஸ் போயிட்டார். ரசிகருங்க துரோகின்னு திட்டினாங்க. எழுதினா திருந்துவார்னு நினைச்சோம்னு அவங்க சொன்னாங்க. பணமும் கோவமும் அதுல இல்லாம இருக்காது. ஆனா அதுல இருந்த விஷயம் உண்மையா இருந்துச்சே.

திவ்யா: அந்த 16ம் தேதி கூட யார் இருந்தாங்க?

சுந்தரம்: அன்னைக்கு ராத்திரி டூருக்குக் கிளம்பணும், அதனால ஜோ எஸ்போசிட்டோ கிரேஸ்லாண்ட்ல இருந்தார். விடியக்காலை நாலு மணி வாக்குல எல்விஸ், பில்லி ஸ்மித், பில்லியோட மனைவி (அவங்க பேரும் ஜோதான்), அப்போ எல்விஸோட காதலியா இருந்த ஜிஞ்சர் ஆல்டன் நாலு பேரும் வீட்டுக்குப் பின்னால, மட்டையால சுவர்ல பந்தடிக்கிற ராக்கெட்பால் விளையாடியிருக்காங்க. பில்லி குடும்பம் வளாகத்துலயே டிரெய்லர்ல இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஜிஞ்சர்தான் பாத்ரூம்ல விழுந்து கிடக்கிறதைப் பாத்தாங்க. ஜோ எஸ்போசிட்டோ ஓடி வந்து மூச்சு வர வைக்கப் பாத்தார், ஆம்புலன்ஸ்ல கூடவே போனார். பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரியில முடிஞ்சுபோச்சு.

கார்த்தி: அந்த ராக்கெட்பால் கட்டடம் இப்போ என் எதிர்லதான் இருக்கு மாமா.

பாலு: அண்ணா, அந்தக் கும்பல்ல யாராவது சேதமில்லாம வெளிய வந்தாங்களா?

சுந்தரம்: ஜெர்ரின்னு சொல்வேன். அவர் நடுவுலயே பாரமவுண்ட் ஸ்டுடியோவுல எடிட்டிங் வேலைக்குப் போயிட்டார். 1970 டிசம்பர்ல ஒரு நாள், செலவு பத்தி அப்பாவும் பிரிசில்லாவும் திட்டினாங்கன்னு எல்விஸ் யார்கிட்டயும் சொல்லாம வீட்டை விட்டுத் தனியா பிளேன் ஏறிட்டார். அந்த மனுஷன் தனியா பயணம் பண்றதே அபூர்வம். வாஷிங்டன் போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய் ஜெர்ரியைக் கூப்பிட்டுக்கிட்டு மறுபடியும் வாஷிங்டன். பிளேன்லயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தாள்ல ஜனாதிபதி நிக்சனுக்குக் கடிதம் எழுதி, 21ம் தேதி விடியக்காலை வெள்ளை மாளிகை கேட்ல தானே கொடுத்தார். போதைப்பொருள் தடுப்புத் துறை பேட்ஜ் வேணுமாம் அவருக்கு.

திவ்யா: மாத்திரை சாப்பிடுற ஆளுக்கா!

சுந்தரம்: ஆமாம்மா. அங்க ஜெர்ரி சொன்னது, நான் வேலைக்குத் திரும்பணும், லீவு இல்லன்னு. கிரேஸ்லாண்ட்ல வேற யாரும் அப்படிச் சொல்லி நான் படிச்சதில்ல. எல்விஸுக்குத் துணையா சோனியை வரவழைச்சாங்க. கடைசியில ஜெர்ரி, சோனி ரெண்டு பேரும் நிக்சன் ரூமுக்குள்ள போனாங்க. நிக்சன் மேஜை டிராயரைத் திறந்து இவங்களுக்குப் பரிசு எடுத்துக் கொடுக்கிறப்போ, எல்விஸ் மேஜைக்கு அந்தப் பக்கமே போய் நின்னுக்கிட்டு, இவங்களுக்கு மனைவியும் இருக்காங்கன்னு ஞாபகப்படுத்தி அவங்களுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

மீனா: அந்த நேரத்துல மட்டும் பொண்டாட்டிங்க ஞாபகம் வந்துச்சாக்கும்.

சுந்தரம்: வந்துச்சே மீனா. நல்ல மனசு. அதை வெச்சு வேற எதையும் சரிக்கட்ட முடியாது, ஆனா இருந்துச்சு.

கார்த்தி: மாமா, எதிர்ப்பக்கம் பிளேன் பாக்கப் போறோம். மகள் பேரை வெச்ச பிளேன்.

சுந்தரம்: லிசா மேரி. கான்வேர் 880. உள்ள பெல்ட் பக்கிள்ல தங்க முலாம் இருக்கும், கிட்ட எடுத்து அனுப்பு.

திவ்யா: பெரியப்பா, ரெட் வெஸ்ட் அப்புறம் என்ன ஆனார்?

சுந்தரம்: சினிமாவுல நடிச்சார், மெம்பிஸ்ல நடிப்பு சொல்லிக் கொடுத்தார். 2017 ஜூலையில இறந்தார். சோனி அதே வருஷம் மே மாசம்.

திவ்யா: மத்தவங்களைப் பத்தி என் கருத்து மாறல. ரெட்டையும் ஜெர்ரியையும் மட்டும் தனியா வைக்கிறேன்.

சுந்தரம்: சார்லியையும் சேத்துக்கோ. 1977 ஜூன்ல ரேபிட் சிட்டி கச்சேரி வீடியோ இருக்கு. எல்விஸ் உடம்பு ஊதி, வேர்த்துக் கொட்டி, பியானோ வாசிச்சுக்கிட்டே பாடுறார். ரெண்டு கையும் பியானோவுல இருக்கு. சார்லி பக்கத்துல நின்னு, பாட்டு முடியிற வரைக்கும் மைக்கை அவர் வாய்கிட்டப் பிடிச்சுக்கிட்டே இருக்கார். அவர் முகத்தைப் பாரு, சம்பளத்துக்கு நிக்கிறவன் முகமான்னு நீயே சொல்லு.

திவ்யா: பாத்துட்டு வரேன்.

திவ்யா: பாத்துட்டேன். சரி, மூணு பேர்.