பொழுது இறங்கினால் 40 மீட்டர் ஹாம் ரேடியோவில் எஸ்9 இரைச்சல்: எங்கே தேடுவது?

வணக்கம் அண்ணாமார், இருப்பது கந்தப்பளைப் பக்கம், ரேடியோ பழைய ஐகாம் ஐசி-7300, 100 வாட், 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹேர்ட்ஸ்) 9 மீட்டர் உயர மூங்கிலில் கட்டிய இன்வெர்டட் வீ ஆன்டெனா (நடு உயர்ந்து இரு முனையும் தாழ்ந்த வயர்). மூன்று கிழமையாக மாலை ஆறரைக்கு இரைச்சல் ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ்9க்கு ஏறி, இரவு பதினொன்று வரை அப்படியே நிற்கிறது. பகலில் எஸ்2 கூட இல்லை. சிக்னல்களைத் திரையில் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபாலில் சுமார் 60 கிலோஹேர்ட்ஸுக்கு ஒரு கோடு, அதுவும் மெல்ல நகர்கிறது, ஸ்விட்சிங் பவர் சப்ளை (சார்ஜர்களில் இருப்பது மாதிரி) ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு பேட்டரியில் கேட்டேன், குறையவில்லை, அப்படியென்றால் எங்கள் வீடு இல்லை. ஆன்டெனா கேபிளான கோஆக்ஸில் ஃபெரைட் (இரைச்சல் தடுக்கும் வளையம்) போட்டேன், ஆன்டெனா வயரை வேறு திசைக்குத் திருப்பிக் கட்டினேன், ரேடியோவில் இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரும் போட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை. சின்ன ஏஎம் ரேடியோவோடு நடந்தால் கரண்ட் வயர் போகிற இடமெல்லாம் கத்துகிறது. கீழே லயமும் இருக்கிறது, பூ வளர்க்கிற பொலித்தீன் கூடாரங்களும் இருக்கின்றன. ஆதாரம் இல்லாமல் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஒக்டோபர் கடைசி வாரம் சிகியூ வேர்ல்ட் வைட் ஹாம் போட்டி, நமக்குச் சனி விடிய ஐந்தரைக்குத் தொடங்கும். ஐரோப்பா 40இல் திறப்பதே இந்த இரைச்சல் நேரத்தில்தான். வேறு ஊர் வெப் எஸ்டிஆரில் (இணையம் வழி கேட்கும் ரிசீவர்) கேட்டுக்கொண்டு இங்கிருந்து அனுப்பு என்றான் ஒரு கூட்டாளி. ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பது போட்டி விதி, அதை மீறிக் கிடைக்கிற புள்ளி எனக்கு வேண்டாம்.

இரைச்சல் வருகிற திசையை நடந்தே பிடிக்க 7 மெகாஹேர்ட்ஸுக்குக் கையடக்க லூப் (வளைய ஆன்டெனா) செய்தவர்கள், எத்தனை சுற்று, என்ன விட்டம், என்ன கெப்பாசிட்டர் போட்டீர்கள்?