மறு: சோலைக்கிளியா, சோலைச்சிட்டா?

நண்பர்களுக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்தில் சோலைக்காடு எனப்படும் குளிர்ந்த மலைக்காடுகளில் வாழும் சின்னப் பறவை இது. நம் தமிழ்ப் பறவைப் பெயர்ப் பட்டியலில் இதை 'சோலைக்கிளி' என்றே விட்டுவிடலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் கிளிதான், அதனால் அங்கே சிக்கலில்லை, ஆங்கிலக்காரர்களும் ஷோலாகிலி என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் கிளி என்று அச்சிட்டால் படிக்கிறவர் பச்சை உடம்பையும் வளைந்த மூக்கையும்தான் தேடுவார். இதுவோ மங்கிய நீலம், கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு கீற்று, நீளக் கால்கள். சோலைக்காட்டில் அடிப்புதரை ஒட்டித் தரையில் தத்தித் திரிந்து பூச்சி பிடிக்கும். ஈப்பிடிப்பான் குடும்பம். கிளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அதே குடும்பத்தில் கருஞ்சிட்டும் புதர்ச்சிட்டும் ஏற்கெனவே இருப்பதால் சோலைச்சிட்டு இயல்பாகப் பொருந்துகிறது. தேன்சிட்டும் மாம்பழச்சிட்டும் வேறு குடும்பமாயிற்றே என்றால், ஆமாம்தான், ஆனால் சிட்டு என்ற சொல் யாரையும் தவறான பறவையிடம் கூட்டிப்போகாது. இன்னொரு யோசனையான 'சோலைவாழி', இந்தப் பறவையின் பேரினப் பெயரான (நெருங்கிய இனங்களுக்குப் பொதுவான அறிவியல் பெயர்) ஷோலிகோலாவுக்கு நேர்ப்பொருள், அழகாகவும் இருக்கிறது. புதரில் அசைவதைப் பார்த்து யாராவது "அதோ சோலைவாழி" என்பார்களா?

அப்புறம் இந்தப் பேரினத்தின் மூன்று இனங்களுக்கான பெயர்கள். இதில்தான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2017இல் இந்தப் பேரினத்தை நிறுவியபோதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அசம்பு மலைப் பறவையைத் தனி இனமாக விவரித்தார்கள். அதுவரை அது 'வெண்வயிற்று' இனத்தின் கணக்கில் இருந்தது, அசம்புப் பறவைக்கும் வயிறு வெளுப்புதான். ஆக வெண்வயிறு என்பது இன்று எதையும் பிரித்துக் காட்டாத அடைமொழி. இவற்றைப் பிரிப்பது கணவாய்கள்: சுமார் 30 கி.மீ. அகலமான பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. உயரத்தில் குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவை வெப்பமான தாழ்நிலத்தைத் தாண்டாது, அதனால் மூன்றும் நெடுங்காலமாகத் தனித்தனியே பிரிந்து வளர்ந்திருக்கின்றன. பெயரிலும் மலையே இருக்கட்டும் என்கிறேன்: நீலகிரிச் சோலைச்சிட்டு, ஆனைமலைச் சோலைச்சிட்டு, அசம்புச் சோலைச்சிட்டு.

முதலாவது பிரம்மகிரியிலும் உண்டு, நடுவில் உள்ளது பழனி மலையிலும் உண்டு (கொடைக்கானல் பக்கத்து அன்பர்கள் என்மேல் பாய்வார்கள்). மலைப்பெயர் முழு எல்லையையும் சொல்லிவிடாது என்பது உண்மைதான். இருந்தாலும் வயிற்றைப் பார்த்துக் குழம்புவதைவிட மேல்.

'அஷம்பு' வேண்டாம், அசம்பு போதும். 'அகத்தியமலை' என்று மாற்றுவதையும் நான் ஆதரிக்கவில்லை. அறிவியல் பெயரிலேயே அசம்பு இருக்கும்போது இன்னொரு பெயரை எதற்கு இழுக்க வேண்டும்? ஒற்று மிகுமா மிகாதா என்பதை மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.