தமொக்சிபன் குளிசையும் இரவு வியர்வையும்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அக்காமாரே, தங்கைமாரே. எனக்கு வயது 47, இருப்பது உரும்பிராய். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, தை மாதத்திலிருந்து, நோய் திரும்பாமலிருக்க ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைத் தடுக்கும் தமொக்சிபன் 20 மில்லிகிராம் எடுக்கிறேன். மாசிக் கடைசியில் இந்தத் தொல்லை தொடங்கியது.

பகலில் முகமும் கழுத்தும் திடீரெனக் கொதித்து, சில நிமிடங்களில் தணிந்துவிடும், சமாளிக்கலாம். இரவுதான் பெரும்பாடு. நடுச்சாமத்தில் நெஞ்சு படபடக்க விழித்தால் சட்டையின் முதுகுப்பக்கத்தைப் பிழியலாம், தலையணை உறையும் ஈரம். உடை மாற்றிப் படுத்தால் குளிர் நடுக்குகிறது. இவர் மின்விசிறியை நிறுத்துவார், நான் போடுவேன்.

குளிசையைக் காலைக்கு மாற்றினேன். இரவுத் தேநீரையும் உறைப்பையும் விட்டேன். பருத்திச் சட்டை, படுக்குமுன் கிணற்றடியில் குளியல், எல்லாம் பார்த்தாயிற்று. நுளம்பு வலை காற்றை மறிக்கிறது. வலையை எடுத்தால் நுளம்பு தூக்கிக்கொண்டு போய்விடும்! காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, தைரொயிட் பரிசோதனையும் சரி.

இந்த வியர்வைக்குக் கொடுப்பவற்றில், ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. மனச்சோர்வு மருந்துகளான பரொக்செற்றின், புளுஒக்செற்றின் இரண்டும் தமொக்சிபனின் வேலையைக் குறைக்கக்கூடியவை. மூலிகைச் சூரணமும் வேண்டாம். குளிசையை நிறுத்தும் எண்ணமும் எனக்கில்லை.

வைத்தியர் வென்லாபக்சின் (இதுவும் மனச்சோர்வு மருந்துதான்) அல்லது இரவில் கபாபென்ரின் (வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது) தரலாம் என்கிறார். அடுத்த கிளினிக்கில் நான் முடிவு சொல்ல வேண்டும். தமொக்சிபனுடன் இவற்றில் ஒன்றை எடுத்தவர்களுக்கு இரவு வியர்வை எந்த அளவுக்குக் குறைந்தது?