ஜொகூர் பாரு ரயில் நிலையத்தில் எல்லை தாண்டியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜொகூர் பாருவிலிருந்து:

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலேசிய எல்லை நகரம் எங்கள் ஜொகூர் பாரு. பழைய ஸ்டேஷனைப் பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் நானே ஆரம்பித்துவைக்கிறேன். இப்போது எல்லோரும் ஜேபி சென்ட்ரல் என்கிறார்களே, அது 2010 அக்டோபரில் திறந்த கட்டடம். குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு எல்லாம் உண்டு. விமான நிலையத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டியதோ என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பக்கத்தில் அடக்கமாக நிற்கும் சின்னக் கட்டடம்தான் 1909 முதல் 101 ஆண்டுகள் உழைத்த எங்கள் ஸ்டேஷன்.

1909-இல் வடக்கே உள்ள கெமாஸிலிருந்து வந்த ஜொகூர் மாநில ரயில்பாதை இந்த ஊரோடு முடிந்துவிட்டது. அப்பால் நீரிணை. பயணிகள் இறங்கிப் படகேறி, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் கரையில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். சரக்குப் பெட்டிகளை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ரப்பர் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலும் புக்கித் தீமாவிலும் உடைத்த கருங்கல்லைக் கடலில் கொட்டி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான கடற்பாலத்தைப் போட்டார்கள். 1923 செப்டம்பரில் சரக்கு ரயில் ஓடியது, அக்டோபர் முதல் தேதி பயணிகள் ரயில். விழா எடுத்துத் திறந்தது மட்டும் 1924 ஜூனில். அன்று முதல் ஜொகூர் பாரு வழியில் நின்றுபோகும் நிலையமாயிற்று.

1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படைகள் பாலத்தை வெடிவைத்துப் பிளந்தன. ஜப்பானியரை அது எத்தனை நாள் தடுத்தது என்கிறீர்கள்? பிப்ரவரி 8 இரவே படகில் அக்கரையில் இறங்கிவிட்டார்கள்.

மலாயா ரயில்வே முழுக்கவே தண்டவாள வேலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும், அலுவலக மேசைகளில் யாழ்ப்பாணத்தாரும் நிறைந்திருந்த காலம் உண்டு. இங்கே ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ராஜமாரியம்மன் கோயில் 1911-இல் எழுந்தது. ரயில் வந்து இரண்டே வருடம், கவனியுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

ஐயா, எங்கள் பக்கத்துக் கூத்தையும் கேளுங்கள். 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையம் சிங்கப்பூர் நகரத்துக்குள் இருந்தாலும், நிலமும் தண்டவாளமும் மலேசிய ரயில்வேயின் கையில். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா மாற மறுத்துவிட்டது. ஆகவே தஞ்சோங் பகாரில் மலேசிய அதிகாரி நம்மை மலேசியாவுக்குள் விட்டுவிடுவார். அதன்பிறகு சிங்கப்பூருக்குள்ளேயே ஊர்ந்து, உட்லண்ட்ஸில் இறங்கி, சிங்கப்பூர் அதிகாரியிடம் கடப்பிதழை நீட்டி வெளியேற வேண்டும். புகுந்த வீட்டில் விளக்கேற்றிவிட்டுப் பிறந்த வீட்டில் விடைபெறுவது போல.

ஒருமுறை எதிர் இருக்கையில் தமிழ்நாட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர். புக்கித் தீமாவில் ரயில் வேகம் குறைந்தது. நிலைய ஊழியர் ஒரு பெரிய கம்பி வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்றார். அதில் கட்டிய பைக்குள் டோக்கன் இருக்கும்; அது கையில் இருந்தால்தான் அடுத்த ஒற்றைப் பாதைக்குள் ரயில் நுழையலாம். ஓட்டுநர் கையை வெளியே விட்டு வளையத்தைப் பறித்துக்கொண்டார். பெரியவர் ஜன்னலோரம் எழுந்தே நின்றுவிட்டார். “எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் பாதையையே பிடுங்கிவிட்டார்கள். இதைப் பார்க்க சிங்கப்பூர் வர வேண்டியிருக்கிறது!” என்றார். அப்புறம் ஜொகூர் பாரு வரை டோக்கன் கதைதான்.

இந்த ரயில் நிலங்களைப் பற்றி இரு நாடுகளும் 1990-இல் போட்ட ஒப்பந்தத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லி இருபது வருடம் இழுத்தடித்தார்கள். 2010-இல் ஒருவழியாகத் தீர்ந்தது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரின் கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார்.

சென்னையிலிருந்து:

எனக்குத் தெரிந்தது ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் மட்டும்தான். 2015 ஜூலையில் தொடங்கியது. கடற்பாலத்தைக் கடக்க ஐந்தே நிமிடம். ஜொகூர் பாருவில் ஏறினால் ஐந்து ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் ஐந்து சிங்கப்பூர் வெள்ளி என்று அறிவித்தார்கள். அதே ஐந்து நிமிடத்துக்கு மூன்று மடங்கு கூலி! ஆனால் உட்லண்ட்ஸிலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடுவதால், ஜொகூர் பாருவில் இறங்கி நேரே சாப்பிடப் போகலாம். வார இறுதி என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பஸ் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஐந்து வெள்ளியின் அருமை தெரியும்.

மீண்டும் ஜொகூர் பாருவிலிருந்து:

தம்பி சொன்ன ஷட்டிலை விட்டால், வடக்கேயிருந்து வரும் ரயில்களெல்லாம் 1909-இல் போலவே இங்கே வந்து நின்றுவிடுகின்றன. கோலாலம்பூரில் ஏறியவர் தூங்கி எழுந்து சிங்கப்பூரில் இறங்கிய காலம் போயிற்று. சிங்கப்பூருக்கான புதிய விரைவு ரயில் இணைப்பின் பாதையும் பக்கத்து புக்கித் சாகாரிலிருந்துதான் அக்கரை போகிறது, எங்கள் நிலையத்திலிருந்து அல்ல. இந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். பழைய ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது; அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.