அட்டையில் பெல் ஏர், தகட்டில் வேறு: பழைய அமெரிக்கக் கார்களை அடையாளம் பிடித்த அனுபவங்கள்

வெள்ளிப்பட்டை:
டெட்ராய்ட் பக்கம், உட்வர்ட் அவென்யூ, ஆகஸ்ட் மாத ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம். ஓரமாக ஒரு 57 (1957) செவர்லே, இரண்டு கதவு ஹார்ட்டாப் (ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத வண்டி), விற்பனைக்கு நின்றது. பின் துடுப்பில் வரி வரியான அலுமினியத் தகடு, தங்க நிற கிரில், முன் மட்கார்டில் மூன்று தங்கக் கோடு. கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையில் 'பெல் ஏர்'. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. கீல் தூணில் இருக்கும் சின்னத் தகட்டைக் குனிந்து பார்த்தால் எண் 'விபி57' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு எழுத்து இன்றைக்கும் உறுத்துகிறது.

'பி' என்றால் 210, செவர்லேயின் நடுத்தர மாடல். உயர்ந்த மாடலான பெல் ஏருக்கு 'சி', மலிவான 150-க்கு 'ஏ'. முன்னால் நிற்கும் 'வி' எட்டு சிலிண்டருக்கு. ஆறு சிலிண்டர் வண்டியில் அந்த எழுத்தே இருக்காது. 57-க்குப் பிறகு வருவது தொழிற்சாலை: எஃப் ஃபிளின்ட், எஸ் செயின்ட் லூயிஸ், பி பால்டிமோர். இரண்டு 'பி'யையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், வருடத்துக்கு முன்னால் இருப்பதுதான் மாடல்.

இந்த வேஷம் சுலபமாகப் போடக்கூடியது. 210-க்கும் பெல் ஏருக்கும் பாடி ஒன்றுதான். பக்கவாட்டுப் பட்டையும் பின்னால் போகப் போக அதே மாதிரி இரண்டாகப் பிரியும். 210-ல் அந்த இடைவெளியில் பெயின்ட், பெல் ஏரில் அலுமினியம். தகட்டை வாங்கி ஒட்டினால் பத்தடி தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மட்கார்டின் உள்பக்கம் கை விட்டுத் தடவினால் தெரியலாம். பின்னாளில் டிரில் போட்ட ஓட்டையில் பிசிறு இருக்கும்.

பிஸ்டன் செட்டியார்:
வெள்ளிப்பட்டை சார், கதவுத் தூண் தகடு ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது ஸ்பாட் வெல்ட் செய்த தகடு. ஸ்குரூவோ ரிவெட்டோ இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பானெட்டைத் திறந்து எஞ்சின் அறையின் பின் சுவரில் இருக்கும் ஃபிஷர் பாடி (வண்டியின் பாடியைச் செய்த கம்பெனி) தகட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டைல் எண் 57-1037டி என்றிருந்தால் பெல் ஏர் ஹார்ட்டாப். 1019டி நாலு கதவு செடான், 1067டி கன்வர்ட்டிபிள். எண்ணுக்குப் பின்னால் அந்த 'டி' இல்லையென்றால் பெல் ஏர் இல்லை. இரண்டு தகடும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம்.

எஞ்சினையும் விட்டுவிட்டீர்கள். பிளாக்கின் பின் விளிம்பில், கியர்பாக்ஸ் ஒட்டும் இடத்தில், ஓட்டுநர் பக்கமாக வார்ப்பு எண் இருக்கும். 3731548 என்றால் 57-ன் 283 கன அங்குல எஞ்சின். 3703524 என்றால் 55-ன் 265. இந்த 55 பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே வார்க்கவில்லை, வேண்டுமென்றால் வெளியே தனியாக மாட்ட வேண்டியதுதான். '57 ஒரிஜினல் எஞ்சின்' என்று சொல்லும் வண்டியில் ஃபில்டர் உட்காரும் இடமே இல்லாமல் ஒரு பிளாக் இருந்தது. அதற்குமேல் எண்ணைப் படிக்கத் தேவையே இருக்கவில்லை.

பெட்ரோல் மூடி:
எண்ணெல்லாம் பார்க்க முடியாத இடத்தில் வருடம் சொல்லச் சுலபமான வழி, பெட்ரோல் எங்கே ஊற்றுகிறார்கள் என்று பார்ப்பது. ஒரு பங்க்கில் 56 செவர்லே ஒன்று வந்து நின்றது. பம்ப் பையன் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவிட்டான், மூடியைக் காணோம். ஓட்டி வந்த பெரியவர் இறங்கி வந்து இடது பின் விளக்கைப் பிடித்துத் திருகினார், விளக்கு மொத்தமாகச் சாய்ந்து மூடி தெரிந்தது. பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

55-ல் இடது பின் மட்கார்டில் சாதாரணக் கதவு. 56-ல் விளக்குக்குப் பின்னால். 57-ல் இடது துடுப்பின் பின் விளிம்பில் ஓடும் குரோம் பட்டையின் ஒரு துண்டு கீலில் திறக்கும். முன்பக்கம் என்றால் 55-க்குக் கட்டம் கட்டமான சின்ன கிரில், 56-க்கு முழு அகலம். 57-ல் சக்கரம் 15 அங்குலத்திலிருந்து 14-க்கு இறங்கியது, வண்டி தாழ்ந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கும்பகோணத்து ஸ்பேனர்:
அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். நம்ம பக்கம் பழைய பெரிய கார் எதைப் பார்த்தாலும் 'பிளஷர்'தான், மேலே போனால் 'பிளைமவுத்'. கல்யாண ஊர்வலத்துக்கு வந்த ஒரு வண்டியில் சண்டையே வந்தது. முன்னால் டிசோட்டோ என்று எழுத்து, டிரைவர் பிளைமவுத் என்கிறார். இரண்டும் சரி! டிசோட்டோ டிப்ளமேட் என்பது பிளைமவுத் பாடிக்கு டிசோட்டோ முகம் வைத்து ஏற்றுமதிக்குச் செய்தது. டாட்ஜ் கிங்ஸ்வேயும் அப்படித்தான். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிறைஸ்லர் பாகங்களை வரவழைத்துப் பூட்டிய காலத்து வண்டிகள் இவை.

மறக்க முடியாதது சக்கரம். இடது பக்க வீல் போல்ட் வரவில்லை என்று ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தார்கள். டக்கென்று ஒரு சத்தம், போல்ட் தலை கையோடு வந்துவிட்டது. கிறைஸ்லர் வண்டிகளில் இடது பக்கம் இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். போல்ட் தலையில் 'எல்' என்று குத்தியிருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும். துடைக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

ஹெட் கேஸ்கட் வாங்கும் முன் ஹெட்டை நீளவாக்கில் அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க பிளைமவுத், டாட்ஜ் ஆறு சிலிண்டருக்குச் சுமார் 23 அங்குலம். கனடா எஞ்சினுக்கும் அமெரிக்க டிசோட்டோ, கிறைஸ்லருக்கும் சுமார் 25. பேட்ஜைப் பார்த்து வாங்கினால் கேஸ்கட் வீண்.

ஆறு வோல்ட்:
ஸ்பேனர் அண்ணே, சக்கரம் சரி. ஆனால் அந்த வண்டிகளை நம்ம ஆட்கள் பாழாக்குவது சக்கரத்தில் இல்லை, பேட்டரியில். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் இதே தப்பு நடக்கிறது.

பிளைமவுத் 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ்தான் எர்த். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றதும் 12-க்கு மாற்றச் சொல்வார்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். இன்றைய 12 வோல்ட் கார் கேபிளை மாட்டியிருப்பார்கள். 6 வோல்ட்டுக்குக் கரன்ட் இரண்டு மடங்கு, கட்டை விரல் மொத்தத்துக்குக் கேபிள் வேண்டும். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்குங்கள். பாதி வண்டி இதிலேயே சரியாகிவிடும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் ஆம்பியர் மீட்டர் எதிர்த்திசையில் காட்டும். திருத்தி மாட்டிய பின், எஞ்சினை ஓட்டுவதற்கு முன், ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு கணம் ஒயரால் தொட்டு எடுங்கள். டைனமோவுக்குத் திசை பழக அது போதும்.

வருஷக்கணக்காக நின்ற வண்டி என்றால் செல்ஃப் அடிக்கவே கூடாது. பிளக் ஆறையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சமபாகம் கலந்து சிலிண்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் விடுங்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது. இரண்டு மூன்று நாள் ஊறட்டும், பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போது ஏதாவது வால்வு மேலேயே நின்றால் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து எண்ணெய் விட்டு, மெதுவாகத் தட்டி இறக்கலாம். பிளக் இடைவெளி 25 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயிண்ட் 20 தவ், சூட்டில் டேப்பெட் இன்லெட் 8, எக்ஸாஸ்ட் 10. சிலிண்டர்கள் ஃபயர் ஆகும் வரிசை 1-5-3-6-2-4.

கடைசியாக, தண்ணீர்க் குழாய். தண்ணி பம்ப்புக்குப் பின்னால் பிளாக் நீளத்துக்கும் ஒரு தகரக் குழாய் ஓடுகிறது. அதிலிருக்கும் ஓட்டைகள்தான் எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் தண்ணீரை அனுப்புபவை. அது துருப்பிடித்துப் போனால் முன் சிலிண்டர்களிலேயே தண்ணீர் தீர்ந்து, ஐந்தும் ஆறும் காயும். ரேடியேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் பலன் இல்லை. ரேடியேட்டர், ஃபேன், பம்ப் மூன்றையும் இறக்கிவிட்டு, கம்பியில் கொக்கி வளைத்துப் போட்டு இழுக்க வேண்டும். முழுசாக வந்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும்.

வெள்ளிப்பட்டை:
பிஸ்டன் செட்டியார் சொன்னது நியாயம். பின் சுவர்த் தகட்டையும் பார்த்தாகிவிட்டது: 57-1037, 'டி' கிடையாது. இரண்டு தகடும் ஒத்துப் போகின்றன, அது பிறந்ததிலிருந்தே 210 ஹார்ட்டாப். நல்ல வண்டி. அந்த அலுமினியத்தைக் கழற்றி இடைவெளியில் பழையபடி பெயின்ட் அடித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.