கன்சோல் முடித்த பிறகு எங்கே கடித்தது? (அனுபவம் மட்டும், அறிவுரை வேண்டாம்)

ரிவெட்_கை:

பல தடவை எழுத நினைத்து விட்டுவிட்டேன். நானே கட்டிய சின்ன விமானம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட், இறக்கைக்கு ஒரு டேங்க், நடுவில் ஃப்யூவல் செலக்டர் (எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று மாற்றும் வால்வு), வழக்கமான அமைப்புதான். கன்சோலை (இரண்டு சீட்டுக்கும் நடுவில் வரும் பெட்டி) 0.032 அங்குல அலுமினியத் தகட்டில் மடித்து, மேலே 3 மி.மீ. ஃபோம், அதற்கு மேல் தோல், சிவப்பு நூலில் இரட்டைத் தையல். தையலுக்கு மட்டும் மூன்று வாரம் போனது. செலக்டர் கைப்பிடி துருத்திக்கொண்டு நிற்பது கண்ணை உறுத்தியதால் அதைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி குழித்து, அதற்குள் இறக்கி வைத்தேன்.

முதல் நாற்பது மணி நேரம் வெறும் தகட்டோடுதான் பறந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. தோல் போட்ட பிறகு முதல் பறப்பு. 3,000 அடியில் இடது டேங்கிலிருந்து வலதுக்கு மாற்றினேன், கை வழக்கம்போல போய்த் திருப்பிவிட்டு வந்துவிட்டது, க்ளிக் என்று உட்கார்ந்ததா என்று கவனிக்கவே இல்லை. அரை நிமிடம் இருக்கும், இன்ஜின் ஒரு முறை இருமியது. அப்புறம் இன்னொரு முறை. கீழே பார்த்தால் கைப்பிடியின் நுனி, குழி விளிம்பில் மடித்து ஒட்டிய தோலில் முட்டிக்கொண்டு முழுதாகப் போய்ச் சேராமல் நிற்கிறது. இன்னும் ஐந்தாறு டிகிரி போகவேண்டும், போகவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சிவப்புத் தையல் மட்டும்தான், எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது, சத்தியமாக.

இடதுக்கே திருப்பித் தள்ளி, பம்ப் போட்டு, சரியாகிவிட்டது. தோல் ஒட்டுவதற்கு முன் நூறு தடவை திருப்பிப் பார்த்தவன், ஒட்டிய பிறகு இடது, ஆஃப், இடது என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்திருக்கிறேன். இதுதான் இன்னும் உறுத்துகிறது.


மைக்ரோ_தூசி:

தோலைக் குற்றம் சொல்லாதீர்கள். குழித்ததுதான் தப்பு. செலக்டர் துருத்திக்கொண்டுதான் நிற்கவேண்டும், அது துருத்துவதற்காகவே இருக்கிற சாமான்.

என் கதை சின்னது. நான் ஃபைபர்கிளாஸ் ஆள், ஃபோமைச் செதுக்கி அதன்மேல் இரண்டு அடுக்குத் துணி. கை வைத்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று பக்கவாட்டில் மெத்தை கொஞ்சம் தாராளமாக வைத்தேன், ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. சீட் காலியாக இருக்கும்போது ஸ்டிக் (விமானத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கோல்) நாலு மூலைக்கும் தாராளமாகப் போனது. வலது பக்கத்திலிருந்து குறுக்குக் காற்று அடித்த ஒரு நாள், இறங்கும்போது ஸ்டிக்கைப் பின்னுக்கும் வலதுக்கும் இழுக்கிறேன், என் வலது தொடையில் போய் நிற்கிறது. தொடையை நகர்த்தலாம் என்றால் அந்தப் பக்கம் மெத்தை. இருக்கிற ஐலரானில் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) முக்கால்வாசிதான் கிடைத்தது. ஓடுபாதையின் இடது ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரத்தோடு நின்றேன்.

சரி, இனிமேல் கட்டப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் அட்டையில் வெட்டி டேப் ஒட்டி உட்கார வையுங்கள், ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். பெல்ட் மாட்டி, தோள் பட்டையை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். பருமனான ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அதே சோதனை. தடித்த ஜாக்கெட் போட்டு ஒரு தடவை. மெத்தை, தோல், பெயின்ட் எல்லாவற்றின் தடிமனையும் அட்டையிலேயே சேர்த்துவிடுங்கள். ஃபோமில் ஒரு எச்சரிக்கை: வெள்ளைத் தெர்மாகோலோ நீல ஸ்டைரோஃபோமோ, எபாக்சி மட்டும்தான். பாலியஸ்டரோ வினைல் எஸ்டரோ ஊற்றினால் கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும். கடைசி அடுக்குக்கு மேல் பீல் ப்ளை (காய்ந்ததும் உரித்தெடுக்கும் துணி) போட்டால் உப்புத்தாள் தேய்ப்பதில் பாதி மிச்சம். மைக்ரோ (எபாக்சியில் நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூள் கலந்த பூச்சு) பூசித் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், நான் போடாமல் இரண்டு நாள் இருமினேன். வால்வு, கேபிள், ஒயர் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிற மாதிரி மேல் மூடி தனியாகக் கழல வேண்டும், நட்பிளேட் (தகட்டிலேயே பொருத்திவிடும் நட்) வைத்து எட்டு ஸ்க்ரூவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு ஸ்க்ரூ வைத்தால் எந்த வருடாந்தரச் சோதனையிலும் அதைக் கழற்ற மாட்டீர்கள், கழற்றியதாக எழுதிவிடுவீர்கள்.


காந்த_மண்டை:

அறிவுரை வேண்டாம் என்று தலைப்பிலேயே இருக்கிறது :)

எனக்கு நடந்தது ஆபத்தானது இல்லை, ஆனால் இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. கன்சோலின் பின் பாதியில் மூடி போட்ட ஒரு பெட்டி, அந்த மூடி ‘டப்’ என்று மூடவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. நியோடிமியம் காந்தம் நாலு. மேக்னெட்டோமீட்டர் (திரைக்குத் திசை சொல்லும் மின்னணுத் திசைகாட்டி) சீட்டுக்குப் பின்னால், பெட்டியிலிருந்து ஒன்றரை அடி தூரம்கூட இல்லை. மூடி மூடியிருக்கும் நிலையில் காலிப்ரேஷன் செய்தேன், அதுவும் அந்தக் காந்தங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சமர்த்தாக இருந்துவிட்டது. ஆறு மாதம் எதுவும் தெரியவில்லை.

ஒரு நாள் பக்கத்தில் இருந்த நண்பர் பென்சில் எடுக்க மூடியைத் திறந்தார். திரையில் ஹெடிங் (விமானத்தின் மூக்கு பார்க்கும் திசை) 14 டிகிரி நகர்ந்தது, விமானம் ஒரு டிகிரிகூடத் திரும்பவில்லை. அதோடு காற்றுக் காட்டி, இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) பக்கக் காற்றைக் கண்டுபிடித்துக் காட்டியது. 120 நாட் வேகத்தில் ஹெடிங் 14 டிகிரி பொய் சொன்னால் கணக்கு அப்படித்தான் வரும். அவர் மூடினார், காற்று நின்றது. மறுபடி திறந்தார், மறுபடி காற்று. பத்து நிமிடம் ஒரு மூடியால் வானிலையை மாற்றி விளையாடிக்கொண்டிருந்தோம். இறங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போது ஒரு சாதாரணச் சுழல் தாழ்ப்பாள். ‘டப்’ சத்தம் இல்லை.


நூல்_பிடிப்பவன்:

மைக்ரோ_தூசி, துருத்திக்கொண்டு நிற்கவேண்டும் என்பது சரி, ஆனால் தோலைக் குற்றம் சொல்லாதே என்பது எப்படி? ரிவெட்_கையின் வால்வு நாற்பது மணி நேரம் அதே குழிக்குள் ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது. மாறியது தோல் ஒன்றுதான். ‘முதலில் படி, பிறகு எழுது’ என்று சொல்வார்கள்.

செலக்டரைப் பற்றிப் பேசிவிட்டு லாங்-ஈஸி விபத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1997 அக்டோபர் 12, பாடகர் ஜான் டென்வர், கலிஃபோர்னியாவில் மாண்டரே விரிகுடா. லாங்-ஈஸி, வரைபடம் வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் விமானம்; அதை வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் அந்த வால்வு விமானியின் கால்களுக்கு நடுவில், முன்னால் இருக்கும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார், எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. எட்டித் திருப்ப உடம்பை முறுக்கவேண்டும், முறுக்கும்போது கால் தானாக வலது ரட்டர் (வால் திசைதிருப்பி) பெடலை மிதித்திருக்கவேண்டும் என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. டென்வர் அதைக் கட்டவில்லை, வாங்கினார். விற்றுவிட்டால் நம் கன்சோலில் யார் உட்காருவார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

என் சொந்த விஷயம்: ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கும் இறக்கை மடல்) சுவிட்சும் பூஸ்ட் பம்ப் (எரிபொருளைத் தள்ளும் துணை பம்ப்) சுவிட்சும் ஒரே மாதிரி இருந்தால் அழகு என்று ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். மேலேறிய பின் பம்ப்பை நிறுத்தப்போய் ஃபிளாப்பை இறக்கினேன், வேகம் வெள்ளை வளையத்தை (ஃபிளாப் இறக்கலாம் என்று வேகமானியில் குறித்த எல்லை) தாண்டிப் போயிருந்தது. ஒரு குலுக்கு, அவ்வளவுதான், ஆனால் கீழே வந்து கீலை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன். இரண்டாம் உலகப் போரிலேயே பி-17 விமானிகள் சக்கர சுவிட்சையும் ஃபிளாப் சுவிட்சையும் மாற்றிப் போட்டார்கள் என்று பார்த்து, சாப்பனிஸ் என்ற உளவியலாளர் ஒன்றுக்குச் சக்கர வடிவத்திலும் மற்றதற்கு இறக்கை மாதிரி ஆப்பு வடிவத்திலும் பிடி மாட்டச் சொன்னார். அதைப் படித்துவிட்டுத்தான் கட்ட ஆரம்பித்தேன். படித்துவிட்டும்.


பிளாஸ்டிக்_ராசா:

சுருக்கமாக. த்ராட்டில் குவாட்ரன்ட்டை (இன்ஜின் கட்டுப்பாட்டுப் பிடிகள் இருக்கும் இடம்) சுற்றி ஒரு பெசல் (அலங்காரச் சட்டம்), பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தது. பெயின்ட் அடித்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தேன். மதிய வெயிலில் கேனப்பியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) மூடிவிட்டு மூன்று மணி நேரம் போய்விட்டேன். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் என்பது தெரியும், கேனப்பிக்குள் அவ்வளவு சூடு ஏறும் என்பதும் தெரியும், இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. வந்து பார்த்தால் பெசல் உள்பக்கமாக வளைந்து, மிக்ஸ்சரின் (எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் கட்டுப்பாடு) சிவப்புப் பிடியைக் குழந்தை விரலைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் நின்றபோது நடந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது ஏஎஸ்ஏ, சூடு தாங்கும் வேறு பிளாஸ்டிக். பெயின்ட் அடிக்கவில்லை.


மைக்ரோ_தூசி:

நூல்_பிடிப்பவன், படித்துவிட்டுத்தான் எழுதினேன். நாற்பது மணி நேரம் திரும்பியது, எத்தனை மி.மீ. இடைவெளியில்? 3 மி.மீ. ஃபோமும் ஒரு மடிப்புத் தோலும் வந்ததும் முட்டுகிறது என்றால், வெறும் தகட்டாக இருந்தபோதே அங்கே இடம் இல்லை என்று அர்த்தம். கைப்பிடி வட்டமாகச் சுற்றும் இடத்தில் எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழையவேண்டும். இது என் கருத்து, அறிவுரை இல்லை.


ரிவெட்_கை:

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் சரி. அளந்து பார்த்தேன், தகட்டுக்கும் கைப்பிடி நுனிக்கும் நடுவில் 5 மி.மீ.தான் விட்டிருக்கிறேன். விரல் நுழையாது.

குழியை அப்படியே வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தட்டையான ஒரு அலுமினியத் தட்டு போட்டு, இடது, வலது, ஆஃப் மூன்றையும் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளைப் பெயின்ட் நிரப்பினேன். கைப்பிடி இப்போது மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, அசிங்கமாகத்தான் இருக்கிறது. மாற்றியதும் க்ளிக் கேட்கும்வரை கையை எடுப்பதில்லை, கேட்ட பிறகும் ஒரு தடவை குனிந்து பார்க்கிறேன். தோலை வெட்டிய இடத்தில் தையல் நூல் பிரிந்து வந்துகொண்டிருக்கிறது. அந்த ஓரத்துக்கு மாட்டுகிற மாதிரி மெல்லிய ரப்பர் விளிம்புப் பட்டை யாராவது போட்டிருக்கிறீர்களா, தடிமன் எவ்வளவு வருகிறது?