ஒரே டீல், ஒரே ஆப்... காஸ்வேக்கு அந்தப் பக்கம் அபராதம், இந்தப் பக்கம் ஏன் ஒண்ணுமில்ல?

ஜேபி_கதிர்:
வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல ஜேபி-ல (ஜொகூர் பாரு) இருந்து தினமும் காஸ்வே பாலம் தாண்டி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போறவன். கஸ்டம்ஸ் கியூல நிக்கிற நேரத்துல போன்ல எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பேன், அதுல வந்த சந்தேகம் இது.

எங்க மாமா ஜேபி-ல ஊபர், கிராப்-னு ரெண்டு டாக்சி ஆப்புக்குமே ஓட்டினவர். டேஷ்போர்டுல ரெண்டு போன் ஹோல்டர் ஒட்டி வெச்சிருப்பார், எதுல முதல்ல டிங்-னு அடிக்குதோ அந்தப் பக்கம் வண்டிய திருப்புவார். 2018 மார்ச் 26-ல ஊபர் தன்னோட தென்கிழக்காசிய பிசினஸ் மொத்தத்தையும் கிராப்கிட்ட வித்துட்டு 27.5% பங்கு வாங்கிக்கிச்சு. எட்டு நாடு, ஒரே டீல். அதுக்கப்புறம் ஒரு ஹோல்டர் காலி, இப்ப அதுல சாமி படம் வெச்சிருக்கார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அதே வருஷம் செப்டம்பர்ல சிங்கப்பூர்ல ரெண்டு கம்பெனிக்கும் சேர்த்து சுமார் 13 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போட்டாங்க. மலேசியாவுல அந்த டீலுக்கு ஒண்ணுமே போடல. ஆசியான்-னு தென்கிழக்காசிய நாடுங்க கூட்டமைப்பு ஒண்ணு வெச்சு வருஷம் பூரா மீட்டிங் போட்டு கைகோத்து போட்டோ எடுக்குறாங்களே, இத மட்டும் ஏன் ஒண்ணா உக்காந்து விசாரிக்கல? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

சிராங்கூன்_வக்கீல்:
தம்பி நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

டீல் ஒண்ணுதான், ஆனா அத பாக்குற சட்டம் எட்டு இடத்துல எட்டு மாதிரி. சிங்கப்பூர்ல மெர்ஜருக்கு, அதாவது கம்பெனிங்க ஒண்ணா சேர்றதுக்கு, முன்னாடி ஆணையத்துக்குச் சொல்லியே ஆகணும்-னு கட்டாயம் கிடையாது, விருப்பம் இருந்தா சொல்லலாம், ஆனா போட்டிய கணிசமா குறைக்கிற இணைப்பா இருந்தா அது சட்டப்படி குத்தம். இவங்க சொல்லாமலே முடிச்சுட்டாங்க, திரும்பப் பிரிக்க முடியாத மாதிரி. அதான் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் பாய்ஞ்சுச்சு. ஏப்ரல்லயே இடைக்கால உத்தரவு, ஊபர் ஆப்பை மூடுற தேதி மே 7 வரைக்கும் தள்ளிப்போச்சு, பழைய விலைக் கணக்கும் ஓட்டுநர்கிட்ட பிடிக்கிற கமிஷனும் மாறக்கூடாதுன்னு கட்டளை. டிஸ்கவுண்ட் எல்லாம் கழிச்சுப் பாத்தா கட்டணம் 10-15% ஏறியிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஊபர் அப்பீல் போய் தோத்துச்சு.

என்னைக் கேட்டா அபராதத்த விட முக்கியம் ஓட்டுநர்கள கிராப்போடவே கட்டிப்போடுற ஒப்பந்தம் கூடாதுன்னு சொன்னதுதான். ஓட்டுநர் கிடைச்சாதானே புதுசா ஒரு ஆப் வரமுடியும். அந்த நவம்பர்லயே கோஜெக்-ங்கிற இன்னொரு டாக்சி ஆப் சிங்கப்பூருக்குள்ள வந்துச்சு.

மலேசியாவுல 2010 போட்டிச் சட்டம் இருக்கு, 2012-லேர்ந்து அமல்ல இருக்கு, ஆனா அன்னைக்கு அதுல மெர்ஜரத் தடுக்கிற பிரிவே கிடையாது. கம்பெனிங்க சேர்றத கேக்க முடியாது, சேந்தப்புறம் பலத்த தப்பா பயன்படுத்தினாதான் கேக்கலாம். அதனாலதான் 2019 அக்டோபர்ல வேற வழியா வந்தாங்க, ஓட்டுநர்கள் வேற கம்பெனி விளம்பரத்த எடுக்கக்கூடாதுன்னு கிராப் போட்ட நிபந்தனைக்காக 86.77 மில்லியன் ரிங்கிட் அபராதம்னு உத்தேச முடிவு. உத்தேசம்தான், கவனிங்க, கடைசித் தீர்ப்பு இல்ல.

மத்த நாட்டுக் கூத்து இன்னும் பெருசு. பிலிப்பைன்ஸ் தானா கேஸ எடுத்து, "விசாரணை முடியிற வரைக்கும் பழையபடியே இருங்க"ங்கிற உத்தரவ மீறினதுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 16 மில்லியன் பெசோ போட்டுச்சு. வியட்நாம்ல விசாரிச்ச அமைப்பு தப்புன்னு சொல்லுச்சு, 2019 ஜூன்ல அதுக்கு மேல இருக்கிற கவுன்சில் தப்பில்லன்னு சொல்லிருச்சு. இந்தோனேசியா இது சொத்து கைமாறினது மாதிரி, எங்க விதிக்குள்ள வராதுன்னு விட்டுச்சு. கம்போடியாவுல அப்ப போட்டிச் சட்டமே இல்ல, 2021-லதான் வந்துச்சு.

தாமான்_மணி:
அண்ணே எல்லாம் சரிதான் லா, ஆனா நீங்க டாக்சிய மட்டும் பாக்குறீங்க, நான் கோழியச் சொல்றேன்.

சிங்கப்பூர்ல அறுக்கிற கோழி மலேசியாவுலேர்ந்து உயிரோட காஸ்வே தாண்டிப் போகுது. கூண்டு கூண்டா லாரில, மோட்டர்ல பின்னாடி மாட்டினா மூக்கப் பொத்திக்கிட்டுதான் ஓட்டணும். 2018 செப்டம்பர்ல, டாக்சி கேஸ் முடிஞ்ச அதே மாசம், சிங்கப்பூர்ல 13 கோழி டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு சுமார் 27 மில்லியன் வெள்ளி அபராதம். அங்க பிரெஷ் கோழி சப்ளைல 90%-க்கு மேல அவங்க கைல, ஏழு வருஷமா விலைய பேசி வெச்சு ஏத்தியிருக்காங்க. இந்தப் பக்கம் 2023 டிசம்பர்ல மலேசிய ஆணையம் அஞ்சு கோழித் தீவனக் கம்பெனிக்கு 415 மில்லியன் ரிங்கிட் போட்டுச்சு, அவங்க அப்பீல் போனாங்க, அது வேற கதை.

இப்ப பாருங்க, தீவனம் இங்க, கோழி இங்க வளருது, அறுக்கிறது அங்க. ஒரே கோழிதானே? தீவனத்த ஒருத்தர் விசாரிக்கிறார், அறுத்தத இன்னொருத்தர். சிக்கன் ரைஸ் திங்கிறவன் ரெண்டு தடவ குடுக்குறான். நடுவுல 2022 ஜூன்ல மலேசியா ஏற்றுமதியையே நிறுத்திருச்சு. கூட்டுறவுன்னு சொன்னா எனக்கு சிரிப்புதான் வருது.

ஜேபி_கதிர்:
மணி அண்ணே செம்ம 😂 ஆனா வக்கீல் அண்ணே, ஐரோப்பா மாதிரி மேல ஒரே ஆணையம் வெச்சா முடிஞ்சதுல்ல?

அடையாறு_ராம்:
நடுவுல வர்றேன், சென்னைலேர்ந்து. ஐரோப்பா ஏன், ஆப்பிரிக்காவப் பாருங்க ப்ரோ. கோமேசா-ன்னு 21 நாடு சேந்த அமைப்பு, அதுக்கு மலாவி நாட்டு லிலாங்வேல ஒரு போட்டி ஆணையம், 2013 ஜனவரிலேர்ந்து வேலை செய்யுது. பல நாட்ட பாதிக்கிற மெர்ஜர்னா அங்க ஒரு மனு போட்டா போதும். பணக்கார நாடுங்கதான் பண்ணமுடியும்னு இல்ல.

இந்தியாவுலயும் ஓட்டை இருந்துச்சு, சொத்து, விற்பனை கணக்க வெச்சு மட்டும் பாத்ததால பேஸ்புக் வாட்ஸ்அப்ப வாங்கினப்ப இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதே வரல. 2024 செப்டம்பர்லதான் 2,000 கோடிக்கு மேல டீல்னா, இங்க கணிசமா தொழில் இருந்தா, சொல்லியே ஆகணும்னு வந்துச்சு. சார்க் பக்கம் கூட்டுறவு பத்தி கேக்காதீங்க, அதோட கடைசி உச்சி மாநாடே 2014.

சிராங்கூன்_வக்கீல்:
ராம் சொல்றது நியாயம். ஆனா ஆசியான்ல மேல ஒரு ஆணையம் வர்றது இப்போதைக்கு நடக்காது, அங்க எல்லாமே எல்லாரும் தலையாட்டினாதான். 2007-ல போட்டிக்குன்னு நிபுணர் குழு போட்டாங்க, 2010-ல வழிகாட்டி நெறிமுறை, அதுக்கப்புறம் புரூணை வரைக்கும் சட்டம் வந்துச்சு. அதச் சும்மான்னு சொல்லமாட்டேன், அதுக்கு முன்னாடி பாதி நாட்டுல பேசுறதுக்கே ஆள் இல்ல. ஆனா எல்லாம் "முயற்சி செய்யலாம்" வகைதான். ஆசியான் நாடுங்க சீனா, ஜப்பான் மாதிரி நாடுங்களோட போட்ட ஆர்செப் வணிக ஒப்பந்தத்துல போட்டிக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு, அத ஒரு நாடு மீறினா தகராறு தீர்க்கிற ஏற்பாட்டுக்குக் கொண்டுபோக முடியாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. பல்லப் பிடுங்கிட்டு சிங்கத்த நிறுத்தின மாதிரி.

நிஜத்துல கூட்டுறவு எங்க மாட்டுதுன்னா, ரகசியத்துல. கம்பெனி இங்க குடுத்த கணக்கு வழக்க நான் பாட்டுக்கு மணிலாவுக்கு அனுப்ப முடியாது, அது குத்தம். கம்பெனியே "சரி, ரெண்டு பேரும் பேசிக்கோங்க"ன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கணும். மெர்ஜர் ஓகே ஆகணும்னு அவசரத்துல இருக்கிறவங்க குடுப்பாங்க, ஏன்னா சீக்கிரம் முடியும். முடிச்சுட்டு வந்து நிக்கிறவங்க ஏன் குடுக்கணும்? மணி தம்பி சொன்ன மாதிரி விலை பேசி வெச்ச கேஸ்னா கேக்கவே வேணாம்.

அதனால ஒரே ஆணையம் இல்லாட்டியும் பரவால்ல, ஏதோ ஒரு அளவுக்கு மேல போன மெர்ஜர்னா முடிக்கிறதுக்கு முன்னாடி எல்லா நாட்டுலயும் சொல்லியே ஆகணும்னு வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது, சிங்கப்பூரும் அதுல சேத்திதான், எங்களோடதும் விருப்பப்பட்டா சொல்லலாம்னுதான் இருக்கு. முன்னாடியே வந்தா என்ன நடக்கும்னு 2024-ல பாத்தோமே, கிராப் டிரான்ஸ்-கேப் டாக்சி கம்பெனிய வாங்கப் பாத்துச்சு, ஆணையம் ஜூலைல இது போட்டியக் குறைக்கும்னு முதல்கட்டமா சொல்லுச்சு, டீலே கைவிட்டுட்டாங்க. அபராதமும் இல்ல, அப்பீலும் இல்ல.

தாமான்_மணி:
அப்ப கோழிக்கு என்ன வழி அண்ணே?

சிராங்கூன்_வக்கீல்:
கோழிக்கு ரெண்டு ஆபீசும் போன எடுத்துப் பேசணும் தம்பி. பேசுறாங்களான்னு கேட்டா, அதச் சொல்றதும் குத்தம் 😄

ஜேபி_கதிர்:
ரொம்ப நன்றி அண்ணே. மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன், எல்லாத்தையும் கேட்டுட்டு "இன்னொரு ஆப் வருமா வராதா, அத மட்டும் சொல்லு, சாமி படத்த எடுத்து வேற இடத்துல வெக்கணும்"ங்கிறார்.